ஆட்டோமொபைல் கேட்கும் பையன்கள்: சில குறிப்புகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் மல்லாங்கிணற்றில் ஒரு மாதத்துக்குக் கட்-ஆஃப் பேச்சுதான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இருநூறுக்கு எவ்வளவு வரும் என்று டீக்கடைக்காரருக்கே கணக்குப் போடத் தெரியும். பிளஸ் டூ தேர்ச்சியில் வருஷக்கணக்காக மாநிலத்தில் முதலிடம் பிடித்த விருதுநகர் மாவட்டம் இது. மார்க் வாங்க நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வாங்கிய மார்க்கை வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று வரும்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, பஸ்ஸின் பின்னால் ஒட்டியிருந்த விளம்பரம், அத்தை மகன் படித்த இடம் என்று காரியம் முடிந்துவிடுகிறது.

நான் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனிகளில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். அதனால் ‘வண்டி சம்பந்தமா படிக்கணும்’ என்கிற பையன்களை என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். அவர்களிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

*

சிவகாசியிலிருந்து பட்டாசு லோடு அடிக்கும் லாரி டிரைவரின் மகன் வந்தான். கூடவே அம்மாவும்.

“ஆட்டோமொபைல்தான் மாமா எடுப்பேன்.”

“ஏன், மெக்கானிக்கல் வேண்டாமா?”

“மெக்கானிக்கல்ல வண்டி வராதுல்ல.”

அம்மா குறுக்கே விழுந்தார். “அவங்கப்பா வண்டிக்கு அடியில படுத்து எந்திரிக்கிறது பத்தாதாண்ணே? இவனும் அதுக்குத்தான் நாலு வருஷம் காசு கட்டிப் படிக்கணுமா?”

மெக்கானிக்கலிலும் வண்டி வரும். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்தவன் வண்டிக்கு அடியில் படுக்கப் போவதுமில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருப்பான், இல்லாவிட்டால் அசெம்பிளி லைன் பக்கத்தில் இருப்பான், இல்லாவிட்டால் வாங்குகிற கம்பெனிக்காரனிடம் திட்டு வாங்கும் மீட்டிங்கில் இருப்பான். மூன்றாவதில்தான் அதிக நேரம் போகும்.

*

ஆட்டோமொபைல் என்று தனிப் பிரிவாகவே படிக்க வேண்டுமானால் முதலில் நினைவுக்கு வருவது குரோம்பேட்டை எம்.ஐ.டி. சி. ராஜம் 1949இல் தொடங்கியது. தன் வீட்டை விற்றுப் பணம் போட்டார் என்பார்கள். ஏரோநாட்டிக்ஸ், ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று அன்றைக்கு வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காத பாடங்களாகப் பார்த்து வைத்தார். ராமேஸ்வரத்துக் கலாம் ஏரோநாட்டிக்ஸில் சேர்ந்ததும், அட்மிஷன் பணத்துக்காக அவர் அக்கா நகையை அடகு வைத்ததும் ஊரறிந்த கதை. 1978 முதல் எம்.ஐ.டி. அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது. அங்கே ஆட்டோமொபைல் கிடைத்தால் யோசிக்காமல் சேரலாம். கோவை பி.எஸ்.ஜி.யில் கிடைத்தாலும் அப்படித்தான்.

கிடைக்காதவர்களுக்குத்தான் யோசனை வேண்டும். நம் பக்கத்துப் பையன்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள்.

*

ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் இரண்டு பிரிவுக்கும் முதல் இரண்டு வருஷப் பாடம் கிட்டத்தட்ட ஒன்றேதான். கணக்கு, தெர்மோடைனமிக்ஸ், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், மேனுஃபாக்சரிங். அதற்குப் பிறகு ஆட்டோமொபைல்காரன் இன்ஜின், கியர்பாக்ஸ், சேஸிஸ், வெஹிக்கிள் டைனமிக்ஸ் என்று இறங்குகிறான். மெக்கானிக்கல்காரன் அதையெல்லாம் எலெக்டிவாக எடுத்துக்கொள்ளலாம்; கூடவே பம்ப், டர்பைன், ரயில்வே, அனல் மின் நிலையம் என்று வேறு கதவுகளும் அவனுக்குத் திறந்திருக்கும். வண்டித் தொழிலில் மந்தம் வந்தால், வந்தே தீரும், அந்தக் கதவுகள் உதவும்.

ஆட்டோமொபைல்காரனுக்கு என்றே ஒரு கதவு இல்லாமலும் இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் மோட்டார் வாகன ஆய்வாளர் வேலை. டி.என்.பி.எஸ்.சி. எடுக்கும் பரீட்சை. ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ, ஒர்க்‌ஷாப் அனுபவம், டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் கேட்பார்கள். அங்கேயும் மெக்கானிக்கல்காரனை உள்ளே விட்டுவிட்டார்கள் பாருங்கள்.

*

கார் கம்பெனி என்றதும் பையன்கள் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று ஆரம்பிக்கிறார்கள். ஹூண்டாய், ரெனோ நிஸ்ஸான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு. சரிதான். ஆனால் ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள். அத்தனையையும் கார் கம்பெனி செய்வதில்லை. வாங்கிப் பூட்டுகிறது. வேலைகளில் பெரும்பங்கு பூட்டுகிற இடத்தில் கிடையாது, செய்கிற இடத்தில்தான்.

அந்த இடங்களில் ஒன்று நம் காரியாபட்டி தாலுகாவிலேயே இருக்கிறது. ஆவியூர் கிருஷ்ணாபுரத்தில் சுந்தரம் ஃபாஸனர்ஸ். நட்டு, போல்ட். இங்கிருந்து மதுரைக்குப் போகிற பையன்கள் அந்த காம்பவுண்டு சுவரை எத்தனையோ முறை தாண்டியிருப்பார்கள். அது கார் தொழில் என்று அவர்களுக்குத் தோன்றியதில்லை. டி.வி.எஸ். வழி வந்த அந்தக் கம்பெனி 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து கொடுத்துப் பெயர் வாங்கியது. மூடிதானே என்று நினைக்கக் கூடாது. கொதிக்கிற தண்ணீரை அழுத்தத்தோடு பிடித்துவைத்து, அளவு மீறினால் விட்டுக்கொடுத்து, ஆறினால் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிற மூடி அது. ஒவ்வொன்றும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும்.

*

வீட்டுக்கு வருகிற பையனிடம் ஒரு போல்ட்டைக் கொடுத்துத் தலையைப் பார்க்கச் சொல்வேன். 8.8 என்று இருக்கும். கூடவே செய்தவரின் முத்திரை.

“சைஸா மாமா?”

சைஸ் கிடையாது. முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுத்தால்தான் அறுந்துபோகும் என்கிறது. புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எட்டு, அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை இழுத்தாலும் விட்டவுடன் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும் என்கிறது. 10.9 என்றிருந்தால் 1000, 900. முதல் வருஷமும் இரண்டாம் வருஷமும் படிக்கிற ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் பாதி இந்த இரண்டு எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது.

சுருள் கம்பியைத் துண்டு போட்டு, சூடாக்காமலே அடித்துத் தலை பண்ணி, மரையை வெட்டாமல் உருட்டி ஏற்றி, பிறகு உலையில் வைத்துக் கடினப்படுத்தினால் இந்தப் போல்ட். மரையை ஏன் வெட்டாமல் உருட்டுகிறார்கள்? வெட்டினால் இரும்பின் இழை அறுபட்டுப் போகும். உருட்டினால் வளைந்து கொடுத்துத் தொடர்ந்து ஓடும். பரீட்சைக்கு இதை எழுதின பையனை விட, ஒரு போல்ட்டை நெடுக்காக அறுத்து மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் அந்த இழையைப் பார்த்த பையன் இன்டர்வியூவில் நன்றாகப் பேசுவான். அதைப் பார்க்க விடும் கல்லூரி எது என்றுதான் தேட வேண்டும். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய தேர்வு முறை கிடையாது.

*

சிவகாசிக்காரர்கள் கல்லூரி தேடின விதம் ஒன்று உண்டு. 1923 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள கல்கத்தாவுக்குப் போனார்கள். தொழில் நடக்கிற இடத்திலேயே சில மாதம் இருந்து கற்றுக்கொண்டு திரும்பி வந்தார்கள். இந்தக் கந்தக பூமியின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு மூன்றும் அங்கே தொடங்கியவைதான்.

*

அலுமினியப் பவுடரைப் பற்றி. மத்தாப்பில் வெள்ளையாகப் பொரிகிறதே, அது. திருமங்கலத்தில் அதைச் செய்கிற மெட்டல் பவுடர் கம்பெனி, சுருக்கமாக மெப்கோ, ஜெர்மனியின் ஷ்லெங்க் நிறுவனத்தோடு கைகோத்திருந்தது. சிவகாசித் தொழிலதிபர்களும் சேர்ந்து 1984இல் உண்டானதுதான் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி. பெயரைக் கேட்டு வெளிநாட்டுக் கல்லூரி என்று நினைக்கிற பெற்றோரை இன்னமும் பார்க்கிறேன். கார் தொழிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், ரோட்டில் போகிற சில்வர் கலர் காரின் மெட்டாலிக் பெயின்ட் மினுக்குவதும் அதே அலுமினியத்தால்தான். செதில் செதிலாக அரைத்துப் பெயின்ட்டில் கலந்திருப்பார்கள்.

இன்னொரு சம்பந்தம் ஏர்பேக். அது விரிவதற்கு உள்ளே ஒரு சின்ன வெடிமருந்து வில்லை இருக்கிறது. மோதிய நொடியில் மின்சாரம் ஒரு திரியைப் பற்றவைக்கும், வில்லை எரிந்து வாயுவாகும், சுமார் 30 மில்லிசெகண்டில் பை விரிந்துவிடும். ஜப்பானின் டகாடா கம்பெனி அதில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வருஷக்கணக்கில் ஈரமும் வெக்கையும் ஏறி மருந்து கெட்டு, விரிய வேண்டியது வெடித்தது. இரும்புச் சில் பறந்து ஆட்கள் செத்தார்கள். உலகத்தில் நடந்த மிகப் பெரிய கார் ரீகால் அதுதான். 2017இல் கம்பெனி திவாலானது. மருந்தில் ஈரம் ஏறினால் என்ன ஆகும் என்று நம் பட்டாசு ஃபோர்மேனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வேதியியலில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கும் கார் தொழிலில் இடம் இருக்கிறது என்பதற்காக எழுதுகிறேன். பெயின்ட், ரப்பர், பேட்டரி எல்லாம் கெமிஸ்ட்ரிதான்.

*

கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள். அன்றைக்கு ஏ.சி. ரூமில் உட்காரவைத்து, கலர் புத்தகம் கொடுத்து, ஜூஸ் கொடுத்து அனுப்புவார்கள். செவ்வாயோ புதனோ போங்கள். லேப் நடக்கிற நேரத்தில் ஒர்க்‌ஷாப் பக்கம் போய் நில்லுங்கள். லேத் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். எல்லா இடத்திலும் இருக்கும். அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா? கூலன்ட் வாடை அடிக்கிறதா? இன்ஜின் டெஸ்ட் ரிக்கில் டீசல் இருக்கிறதா, தூசி இருக்கிறதா? பெயின்ட் புதிதாக இருந்தால் நான் சந்தேகப்படுவேன்.

பிறகு கேன்டீனுக்குப் போய் மூன்றாம் வருஷப் பையன்களிடம் பேச்சுக் கொடுங்கள். பாஹா டீம் இருக்கிறதா என்று கேளுங்கள். எஸ்.ஏ.இ. இந்தியா 2007 முதல் நடத்துகிற போட்டி அது. மாணவர்களே குழாயை வளைத்து, வெல்டிங் வைத்து, ஒற்றை ஆள் வண்டி கட்டி, மேடு பள்ளத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். முக்கால்வாசி டீம்களின் வண்டி எங்கேயாவது உடையும். உடைந்த வண்டியை ராத்திரியோடு ராத்திரியாகச் சரி பண்ணின பையன் எந்தக் கம்பெனிக்கும் வேண்டும். கல்லூரி அதற்குப் பணம் கொடுக்கிறதா, ராத்திரி ஒர்க்‌ஷாப் சாவியைக் கொடுக்கிறதா? இந்த இரண்டு கேள்வியில் கல்லூரியின் மனசு தெரிந்துவிடும்.

*

பிளேஸ்மென்ட் போர்டு. சிரித்த முகங்களும் ரூபாய் எண்களும். ஒரே பையன் மூன்று கம்பெனியில் தேர்வானால் போர்டில் மூன்று ஆஃபர். பிரிவு வாரியாகக் கேட்க வேண்டும். மெக்கானிக்கலில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் தயாரிப்புக் கம்பெனிக்குப் போனார்கள், எத்தனை பேர் சாஃப்ட்வேருக்குப் போனார்கள், எத்தனை பேர் ஒரு வருஷ டிரெய்னியாகப் போய்த் திரும்பி வந்தார்கள். கடைசிக் கேள்விக்கு எந்த ஆபீஸிலும் பதில் வராது. சீனியர்களிடம்தான் வரும்.

நாக் என்பது கல்லூரிக்குக் கொடுக்கிற தர மதிப்பு. என்.பி.ஏ. என்பது பிரிவுக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு என்.பி.ஏ. வாங்கி வைத்துக்கொண்டு கேட்டில் பெரிதாக எழுதியிருப்பார்கள்; மெக்கானிக்கலுக்கு இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் கீழ் இருக்கிற கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தை வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். அட்டானமஸ் கல்லூரிகள் தாங்களே கேள்வித்தாள் எடுத்துத் தாங்களே திருத்துகிறவை. அங்கே சதவீதத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

வாத்தியார்கள் பட்டியல் கல்லூரி இணையதளத்தில் இருக்கும். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு கணக்கை வெளியில் போட்டது. ஒரே பேராசிரியர் பெயர் ஒரே வருஷத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர் என்று காட்டப்பட்டிருந்தது. மாநிலமே சிரித்தது. அதனால் பட்டியலில் இருக்கிற நாலு பெயரை மூன்றாம் வருஷப் பையனிடம் சொல்லி, ‘இவர் எப்படித் தம்பி நடத்துவார்?’ என்று கேட்டுப் பார்க்கலாம். ‘யாருண்ணே அது?’ என்றால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

*

கோவை ஜி.டி. நாயுடு நான்கு வருஷ இன்ஜினியரிங் படிப்பை நேர விரயம் என்றார். 1945இல் அவர் முயற்சியில் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி. இரண்டே வருஷத்தில் முடித்துவிடலாம் என்று அவர் சொன்னதை அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பொறுப்பை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். இரண்டு வருஷம் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் மீதி இரண்டு வருஷத்தை வகுப்பறையில் கழிக்க வேண்டாம் என்பது சரி. பி.எஸ்.ஜி.யின் சாண்ட்விச் படிப்பு அந்த யோசனையில் பாதியைச் செய்துகாட்டியது: வகுப்பும் தொழிற்சாலையும் மாறி மாறி, ஐந்து வருஷம்.

அமெரிக்காவில் ஃபிளின்ட் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கென்றே ஒரு கல்லூரி வைத்திருந்தது. 1919இல் தொடங்கிய பள்ளியை 1926இல் கம்பெனி எடுத்துக்கொண்டது; இப்போது கெட்டரிங் பல்கலைக்கழகம். கொஞ்ச மாதம் வகுப்பு, கொஞ்ச மாதம் ஆலை. அந்தக் கம்பெனியின் இன்றைய தலைவர் மேரி பாரா அங்கே படித்தவர்தான். பதினெட்டு வயதில் ஆலையில் ஃபெண்டரும் பானெட்டும் சோதிக்கிற வேலையில் ஆரம்பித்தார். படித்தது எலக்ட்ரிக்கல்.

*

அந்த எலக்ட்ரிக்கலை அடிக்கோடு போட்டு வைக்கிறேன். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபோதே கார்ப்பரேட்டர் காலம் முடிந்து எல்லாவற்றையும் சென்சாரும் கன்ட்ரோல் யூனிட்டும் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. இப்போது மின்சார வண்டி. மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் நேராகக் கீழே போனால் தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட். 2024 பிப்ரவரியில் அடிக்கல், 2025 ஆகஸ்ட்டில் திறப்பு. முதலில் வருஷத்துக்கு 50,000 கார் என்று திட்டம். சென்னைக்குப் போகாமலே கார் தொழிற்சாலையைப் பார்க்க முடிகிற முதல் தலைமுறை நம் பிள்ளைகள்தான். அந்தக் காரில் ரேடியேட்டரைத் தேடிப் படிக்கிறவனை விட மோட்டாரும் பேட்டரியும் படிக்கிறவனுக்கு வேலை அதிகம். ஆகவே இ.இ.இ., இ.சி.இ., மெக்கட்ரானிக்ஸ் மூன்றையும் வண்டிப் பிரிவுகளாகவே எண்ணி லிஸ்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரை தியாகராஜரில் மெக்கட்ரானிக்ஸ் இருக்கிறது. இ.இ.இ. நல்ல கல்லூரிகளில்கூடக் குறைந்த கட்-ஆஃபில் முடிகிறது, யாரும் கவனிப்பதில்லை.

மறுபக்கம் ஃபோர்டு. மறைமலை நகர் ஆலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் சொன்னார்கள். அங்கே லைனில் வேலை பார்த்தவர்களும், ஃபோர்டை மட்டும் நம்பிப் பாகம் செய்த சின்னக் கம்பெனிக்காரர்களும் தெருவில் நின்றார்கள். டூல் ரூமிலும் டையிலும் கை பழகினவர்களை அடுத்த கம்பெனி கூப்பிட்டுக்கொண்டது. லைனில் ஒரே ஸ்குரூவைப் பல வருஷம் முடுக்கினவரை யார் கூப்பிடுவார்கள்?

*

“பொம்பளப் பிள்ளைக்கு மெக்கானிக்கலா அண்ணாச்சி?” என்று கேட்டார் ஒருவர். பட்டாசு ஆலையில் வெக்கையில் உட்கார்ந்து திரி வைக்கிறது யார் என்று கேட்டேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை.

*

ஏஜென்டுகள். ‘கன்சல்டன்சி’ என்று போர்டு. சீட் வாங்கித் தருகிறேன் என்று மார்க் ஷீட் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கவுன்சலிங்கில் இடம் கிடைத்த பிறகு ஒரிஜினலைத் திரும்ப வாங்க அலைந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். 2018 முதல் கவுன்சலிங் முழுக்க ஆன்லைன். ஏஜென்டுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. மேனேஜ்மென்ட் கோட்டாவிலோ டீம்டு யுனிவர்சிட்டியிலோ சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது. இதை ஏஜென்ட் சொல்ல மாட்டார்.

*

பத்தாவதோடு கையில் காசு இல்லாத வீடுகளுக்கு: விருதுநகர் வி.எஸ்.வி.என். பாலிடெக்னிக் 1958இலிருந்து நடக்கிறது. மூன்று வருஷ டிப்ளமோ, அப்புறம் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருஷம். மொத்தம் ஆறு வருஷம். பிளஸ் டூ வழியாகப் போனாலும் அதே ஆறு வருஷம்தான். வித்தியாசம், டிப்ளமோ பையன் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நின்று சம்பளத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து படிக்கலாம். நான் வேலை பார்த்த இடங்களில் மைக்ரோமீட்டரைச் சரியாகப் பிடித்தவர்கள் டிப்ளமோ பையன்கள்தான். பி.இ. பையன்கள் அதை ஸ்க்ரூ கிளாம்ப் மாதிரி முறுக்குவார்கள்.

*

சாய்ஸ் லிஸ்ட் போடும்போது: ‘இது நமக்குக் கிடைக்காது’ என்று மேலே இருக்க வேண்டியதை விட்டுவிடக் கூடாது. ஆசைப்படுகிற வரிசையிலேயே போடவும். கம்ப்யூட்டர் உங்கள் ரேங்க்குக்கு மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து முதலில் காலியாக இருப்பதைக் கொடுக்கும்; மேலே எட்டாததைப் போட்டதற்காகக் கீழே இருப்பதைப் பறிக்காது. நேர்மாறாக, பிடிக்காத கல்லூரியைப் பாதுகாப்புக்காக மேலே போட்டால் அதுவே கிடைத்துவிடும். பெயரைப் பார்த்துப் போடாமல் கல்லூரிக் கோடு எண்ணைப் பார்த்துப் போடவும். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரி இருக்கிறது.

ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு. 2021 முதல் நடப்பில் இருக்கிறது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டும். அந்த ரேங்க் தனி. பொது ரேங்க்கை மட்டும் பார்த்து மனசு ஒடிந்துபோன பிள்ளைகள் உண்டு.

முதல் பட்டதாரிச் சான்று ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். அண்ணனோ அக்காவோ வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாவற்றுக்கும் ஜூனில் இ-சேவை மையத்தில் கூட்டம் அம்மும், சர்வர் தொங்கும். பரீட்சை முடிந்ததுமே ஏப்ரலில் போய் எழுதிக் கொடுத்துவிடவும். அப்பா பெயரின் இனிஷியல் ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளவும்.